பழைய அமெரிக்கச் செம்புக் காசுகள்: அச்சு வகையும் செதுக்குப் பிழையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலடெல்பியா நாணயச்சாலையில் 1793 முதல் 1857 வரை அடித்த பெரிய சென்ட், அரை சென்ட் செம்புக் காசுகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. விடுதலையைக் குறிக்கும் பெண்ணுருவான லிபர்ட்டியின் தலை இருப்பது தலைப்பக்கம், இலைமாலை இருப்பது பூப்பக்கம். ஆங்கில எழுத்துகளைப் பெயராலேயே குறித்திருக்கிறோம்.

டை வெரைட்டி, டை வெரைட்டி என்கிறார்களே, ஒரே வருஷத்துக் காசு எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்?

இருக்காது. டை என்பது காசை அடிக்கிற எஃகு அச்சு. இன்றைய அச்சுகள் ஒரே மூலத்திலிருந்து அப்படியே பிரதியாக வருபவை. 1790களில் அப்படியில்லை. தலை உருவத்துக்கு மட்டும் ஒரு பஞ்ச், அதாவது அச்சில் உருவம் பதிக்கும் எஃகு முளை, இருந்தது. தொடக்கத்தில் அதையும் கையால் நிறையத் திருத்தினார்கள். எழுத்து, எண், இலை, கனி எல்லாவற்றையும் தனித்தனிப் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அச்சில் இறக்கினார்கள். ஓர் அச்சில் 7 கழுத்தை ஒட்டி நிற்கும், இன்னொன்றில் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும்.

ஒரு தலைப்பக்க அச்சும் ஒரு பூப்பக்க அச்சும் சேர்ந்த ஜோடிக்குத்தான் ‘வகை’ என்று பெயர். பூப்பக்க அச்சு உடைந்து வேறொன்றை மாட்டினால், தலைப்பக்கம் அதே அச்சாக இருந்தாலும் வகை மாறிவிடும். 1830களின் கடைசியில் எழுத்துகளும் மூல உருவிலேயே சேர்ந்துவிட்டதால், அதற்குப் பிந்திய காசுகளில் வேறுபாடு பெரும்பாலும் ஆண்டு எண்ணில்தான் தெரியும்.

எஸ்-103, என்-2, சி-1 என்று போடுகிறார்களே, அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்?

வகைகளை வரிசைப்படுத்தியவர்களின் பெயர் முதலெழுத்து அது. 1793 முதல் 1814 வரையுள்ள பெரிய சென்ட்டுகளுக்கு ஷெல்டன் எண், அதாவது எஸ். 1816 முதல் 1857 வரை நியூகோம், அதாவது என். 1815 என்று ஆண்டு போட்ட சென்ட்டே கிடையாது. அரை சென்ட்டுக்குக் கோஹன், அதாவது சி.

ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஷெல்டன் எண் எஸ்-1 முதல் எஸ்-295 வரை ஒரே தொடராக ஓடும். எஸ்-103 என்றாலே 1796 என்று தெரிந்துவிடும். நியூகோமும் கோஹனும் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் வெறும் ‘என்-2’ என்று எழுதிய உறையால் ஒரு பயனும் இல்லை. ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ‘என்சி’ என்று பார்த்தால் அதை நியூகோமோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பட்டியல் போட்ட காலத்தில் சேகரிப்பாளருக்குக் கிடைக்கவே வாய்ப்பில்லை என்று ஷெல்டன் ஒதுக்கிய அரிய வகைகள் அவை.

இதைப் பார்க்க என்னென்ன சாமான் வேண்டும்?

பத்து மடங்கு பெருக்கும் லூப், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெர்னியர் காலிப்பர், வளைக்கக்கூடிய மேசைவிளக்கு, இவ்வளவுதான். விளக்கு தலைக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் தாழ வைத்து, காசை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் மழுங்கலாகத் தெரியும் எண் இன்னொரு கோணத்தில் துலங்கும்.

படம் எடுத்து ஒப்பிடுவதானால் கேமராவைக் காசுக்குச் செங்குத்தாக வையுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் எழுத்துக்கும் கூந்தலுக்கும் உள்ள இடைவெளி மாறித் தெரியும். அந்த இடைவெளிதான் இங்கே எல்லாமே.

அழுக்காக இருக்கிறது, எழுத்தே தெரியவில்லை. புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. செம்புக் குடத்துக்குப் புளி சரி. காசுக்குப் போட்டால் இருநூறு ஆண்டு மேற்பரப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும், விலையும் கூடவே போய்விடும். எலுமிச்சை, வினிகர், பித்தளைப் பாலிஷ் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் என்றால் செம்புக் காசுக்காரர்கள் சைலீன் தொட்ட பஞ்சைத் தேய்க்காமல் உருட்டி எடுப்பார்கள். அதையும் ஜன்னல் திறந்த இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும். பச்சைப் பூஞ்சணம் போல் பிடித்திருப்பதைச் சுரண்ட வேண்டாம். அடியில் உலோகம் குழி விழுந்திருக்கும்.

காசு கையில் இருக்கிறது. முதலில் எங்கே பார்ப்பது?

பிழை இருக்கிறதா என்று தேடுவதில் தொடங்காதீர்கள். முதலில் எடை. 1793 முதல் 1795 வரை பெரிய சென்ட் 13.48 கிராம், அரை சென்ட் 6.74 கிராம். 1795 கடைசியில் செம்பு விலையால் எடையைக் குறைத்தார்கள்: சென்ட் 10.89, அரை சென்ட் 5.44. தேய்ந்த காசின் எடை சற்றுக் குறையும், அதிகமாகாது.

அடுத்து தலைப்பக்கத்தில் மூன்று இடங்கள்: ஆண்டின் முதல் எண் கூந்தலுக்கு எவ்வளவு தூரம், கடைசி எண் மார்பளவு உருவத்துக்கு எவ்வளவு நெருக்கம், லிபர்ட்டி என்ற சொல்லின் எந்தெந்த எழுத்து கூந்தலின் எந்த இடத்துக்கு நேர் மேலே நிற்கிறது. பிறகு பூப்பக்கம். இலையின் நுனி மேலே உள்ள எழுத்தின் எந்தக் காலுக்கு நேராக இருக்கிறது, இடது காலா, வலது காலா, இரண்டுக்கும் நடுவா? கனிகள் இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை? மதிப்பைக் காட்டும் பின்னத்தின் (சென்ட்டில் 1/100) கோடு எந்த எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது?

1796 முதல் 1798 வரையுள்ள ட்ரேப்ட் பஸ்ட் (துணி போர்த்திய மார்பளவு உருவம்) சென்ட்டுகளில் மாலை உச்சியின் வலப்பக்கத்தை முதலில் பார்த்தால் பாதி வேலை முடியும். அங்கே ஒற்றை இலை என்றால் ‘1795ன் பூப்பக்கம்’ எனப்படும் வடிவம். இரட்டை இலையாக இருந்து இடப்பக்கம் 16, வலப்பக்கம் 19 இலை என்றால் ‘1797ன் பூப்பக்கம்’. இரட்டை இலை, இடப்பக்கம் 14 முதல் 16, வலப்பக்கம் 16 முதல் 18 என்றால் ‘1794ன் பூப்பக்கம்’. பெயரில் உள்ள ஆண்டும் காசில் உள்ள ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அது எந்த ஆண்டின் வடிவம் என்பதைத்தான் பெயர் சொல்கிறது.

சில ஆண்டுகளில் இந்தப் பாடே வேண்டாம். 1804, 1806, 1809 பெரிய சென்ட்டுகள் ஆளுக்கு ஒரே வகைதான்: எஸ்-266, எஸ்-270, எஸ்-280. அதற்கு நேர் எதிர் 1794: எஸ்-17 முதல் எஸ்-72 வரை நீளும்.

ஓரத்தையும் பார்க்க வேண்டுமா? அட்டை உறைக்குள் இருக்கிறதே.

1793–1795 காசு என்றால் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். 1793ன் பல சென்ட்டுகளின் ஓரத்தில் கொடியும் கோடுகளும் இருக்கும்; மற்ற சென்ட்டுகளில் ‘நூறு சேர்ந்தால் ஒரு டாலர்’ என்றும் அரை சென்ட்டில் ‘இருநூறு சேர்ந்தால் ஒரு டாலர்’ என்றும் ஆங்கிலத்தில் பதித்திருப்பார்கள். எடை குறைத்தபோது தகடு (அடிப்பதற்கு முந்திய வெறும் செம்பு வட்டு) மெலிந்தது, ஓர எழுத்தையும் விட்டார்கள். அதனால் 1795ல் ஒரே அச்சு ஜோடி இரண்டு ஓரத்திலும் வருவது உண்டு: எஸ்-76ஏ எழுத்து ஓரம், எஸ்-76பி வெறும் ஓரம். முகத்தை மட்டும் பார்த்து இதைப் பிரிக்க முடியாது.

லிபர்ட்டிக்குப் பதில் ‘லிஹெர்ட்டி’ என்று இருக்கிற காசு உண்மையா?

உண்மை. 1796, எஸ்-103. செதுக்கியவர் பி எழுத்துப் பஞ்சைத் தலைகீழாக வைத்து அடித்துவிட்டார். பிறகு அதே இடத்தில் நேராக வைத்து மறுபடி அடித்தார். பி-யின் நெட்டைக் கோடு இடப்பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாகத் திரும்பினால் அது வலப்பக்கம் போய்விடும். இரண்டு அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததில் இரு பக்கமும் நெட்டைக் கோடு, நடுவே ஓர் இணைப்பு. பார்க்க எச் மாதிரி ஆகிவிட்டது.

லூப்பில் பார்த்தால் வலப்பக்கக் கோடு மேலிருந்து கீழ்வரை நேராகவும் புடைப்பாகவும் இருக்க வேண்டும். சாதாரண பி தேய்ந்தால் இரண்டு வளைவும் மழுங்கி நேர்கோடு போலத் தோன்றும். அதைத்தான் பலரும் லிஹெர்ட்டி என்று அனுப்புகிறார்கள். அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளின் இடமும் பூப்பக்கமும் எஸ்-103 படத்தோடு பொருந்துகிறதா பாருங்கள். அவை பொருந்தாவிட்டால் பி எப்படித் தெரிந்தாலும் அது எஸ்-103 இல்லை.

1801 சென்ட்டில் 1/100க்குப் பதில் 1/000 இருக்கிறது. இதுதானே அந்த மூன்று பிழைக் காசு?

இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மூன்று பிழைப் பூப்பக்கம் எஸ்-219ல் வருவது. பின்னம் 1/000 என்று, அதாவது ஒன்றைச் சுழியத்தால் வகுக்கச் சொல்லி, நிற்கும். மாலைக்கு இரண்டு காம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கும். யுனைடெட் என்ற சொல்லின் யு, இரண்டு ஐ பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். மூன்றும் ஒரே காசில் இருக்க வேண்டும்.

1801லேயே 1/000 மட்டும் உள்ள வேறு பூப்பக்கமும் உண்டு, 1802லும் உண்டு. பிழையைக் கண்டுபிடித்து 1/000 மேல் 1 அடித்துத் திருத்திய அச்சுகள் 1801லும் 1803லும் இருக்கின்றன. அவற்றில் 1-க்குப் பின்னால் சுழியத்தின் வளைவு எட்டிப் பார்க்கும். காம்பே இல்லாத மாலை 1797, 1802, 1803 ஆண்டுகளில் இருக்கிறது. அது தனிக் கதை, 1/000-ஓடு சேர்க்க வேண்டாம்.

நட்சத்திரம் எண்ணினால் பதினைந்து வருகிறது. நான் தப்பாக எண்ணுகிறேனா?

1817 சென்ட் என்றால் சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். பதின்மூன்று போட வேண்டிய இடத்தில் பதினைந்து போட்ட அச்சு என்-16. 1828 அரை சென்ட்டில் நேர்மாறு: ஒரு வகையில் பன்னிரண்டுதான்.

இவற்றையெல்லாம் மிஞ்சுவது 1794ன் எஸ்-48. பூப்பக்க விளிம்புப் பற்களுக்கு நடுவே 94 குட்டி நட்சத்திரங்கள் சுற்றி வருகின்றன. ஏன் அடித்தார்கள் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் இல்லை. தேய்ந்த காசில் விளிம்புதான் முதலில் போகும். ஆனால் நாலைந்து நட்சத்திரம் மிஞ்சினாலும் போதும். அதுவும் இல்லையென்றால் அச்சு ஜோடியின் மற்ற அடையாளங்களை வைத்துச் சொல்ல வேண்டியதுதான்.

என் காசில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு இருக்கிறது. இது பிழையா, கீறலா?

விரல் நகத்தில் பதில் இருக்கிறது: புடைத்த கோடா, குழிந்த கோடா? அச்சில் குழி என்றால் காசில் புடைப்பு. அச்சில் வெடிப்பு விழுந்தால் உலோகம் அதற்குள் ஏறி, காசில் புடைத்த கோடாக வரும். காசு அடித்த பிறகு விழுந்த கீறல் குழிந்திருக்கும், அதன் இரு கரையிலும் உலோகம் ஒதுங்கியிருக்கும். நகத்தால் உண்மையாகவே தடவ வேண்டாம், லூப்பும் பக்க வெளிச்சமும் போதும்.

இதற்கு விதிவிலக்கு தகட்டிலேயே இருந்த குறை. உருட்டும்போது மடிந்த செம்பு, அடிக்கும் முன்பே இருந்த குழி ஆகியவை குழிந்திருந்தாலும் சேதம் அல்ல. ஆனால் அந்த ஒரு காசில் மட்டும்தான் இருக்கும். அச்சில் உள்ளது எதுவானாலும் அதே வகையின் இன்னொரு காசிலும் அதே இடத்தில் இருக்கும்.

அச்சு வெடித்தால் அது வேறு வகையா?

இல்லை, அதே வகையின் பிந்திய நிலை. 1804 சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்-266 ஒரே ஜோடி. முதலில் இரண்டு அச்சும் நலமாக இருந்தன. பிறகு பூப்பக்கத்தில் அமெரிக்கா என்ற சொல்லின் எம்-இ-ஆர்-ஐ-சி எழுத்துகளுக்கு மேலே விளிம்பு உடைந்து அங்கே மொத்தையாக ஒரு மேடு வந்தது. அப்புறம் தலைப்பக்கத்திலும் லிபர்ட்டியின் ஆர்-டி-ஒய் மேலே இன்னொரு மேடு. ஏ, பி, சி என்று பின்னொட்டுப் போட்டு எழுதுவார்கள். மேடு இல்லாத காசு மேடுள்ள காசுக்கு முன்னால் அடித்தது என்று இதை வைத்து வரிசை கட்டலாம்.

பட்டப்பெயர் பெற்ற பல காசுகள் பிழையே அல்ல, இப்படிப்பட்ட சேதம்தான். 1855ன் ‘காதில் குமிழ்’ என்-9 அச்சு உடைசல். 1804 அரை சென்ட்டில் முகவாயிலிருந்து முள் நீட்டுவதும் அச்சில் விழுந்த அடிதான்.

அரை சென்ட்டில் தொப்பிக்குக் கோல் இல்லை. இது 1796 நோ போல்தானா?

லிபர்ட்டியின் தொப்பியைத் தாங்கும் கோல் இல்லாததைத்தான் நோ போல் என்கிறார்கள். ஆண்டைப் பாருங்கள். 1796ல் செதுக்கியவர் கோலைப் போடவே மறந்துவிட்டார்; அது செதுக்குப் பிழை, அரியது. 1795லும் கோல் இல்லாத அரை சென்ட் உண்டு, ஆனால் காரணம் வேறு. அச்சுகள் ஒன்றோடொன்று மோதிப் பதிந்த தடங்களை அழிக்க அச்சின் முகத்தைத் தேய்த்தார்கள். ஆழமில்லாத கோல் அதோடு போய்விட்டது. தேய்த்த அச்சில் கூந்தல் நுனிகளும் மெலிந்து, துண்டு துண்டாக நிற்கும். 1795ஐ 1796 ஆக்கி விற்கப் பார்ப்பவர்களும் உண்டு என்பதால் கடைசி எண்ணைச் சுற்றியுள்ள தளத்தைத் தனியாகப் பாருங்கள்.

1795 அரை சென்ட்டில் இலைமாலைக்கு அடியில் கப்பல் மாதிரி ஏதோ தெரிகிறது. இரண்டு தடவை அடித்ததா?

இரண்டு தடவைதான், ஆனால் முதல் தடவை வேறு ஊரில். நியூயார்க் வணிகர்களான டால்பட், ஆலம் அண்ட் லீ இங்கிலாந்தில் அடித்து இறக்கிய செம்பு டோக்கன்களில் கப்பல் உருவம் இருந்தது. செம்புத் தட்டுப்பாட்டில் நாணயச்சாலை அவற்றை வாங்கி, வட்டமாக வெட்டிச் சிறிதாக்கி, அதன்மேல் அரை சென்ட் அடித்தது. 1795லும் 1797லும் இப்படிக் கிடைக்கிறது. அழுத்தம் குறைந்த இடங்களில் பாய்மரமோ எழுத்துத் துண்டோ மிஞ்சி நிற்கும். வகை எண் மாறாது. ஆனால் உறையில் குறித்து வையுங்கள்.

தகடு பற்றிப் பேசும்போது ஒன்று: 1790களின் கடைசியிலிருந்து நல்ல தகடுகளை பர்மிங்ஹாமின் மேத்யூ போல்ட்டன் அனுப்பினார். சென்னை மாகாணத்துக்காக 1803ல் கம்பெனியின் இருபது காசு நாணயத்தை அடித்ததும் அவருடைய சோஹோ பட்டறைதான். ‘கேஷ்’ என்று அதில் பொறித்த பெயரே நம் காசுதான்.

1851க்கு அடியில் 81 தெரிகிறது. 1881 அச்சை 1851ல் எப்படி அடித்தார்கள்?

1881க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்தில் ஆண்டின் நான்கு எண்ணும் ஒரே பஞ்சில் இருந்தன. அதைத் தலைகீழாக வைத்து ஒரு தடவை அடித்துவிட்டார்கள். 1851ஐத் தாளில் எழுதித் தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள்: மூன்றாம் இடத்தில் 8, நான்காம் இடத்தில் 1 வரும். நேராகத் திருத்தி அடித்தபோது 5 அந்த 8 மேலும் 1 அந்த 1 மேலும் விழுந்தன. 1844/81ம் இதே விபத்து.

இதை 1807/6, 1811/10, 1823/2 போன்றவற்றோடு கலக்காதீர்கள். அவை மிஞ்சிப்போன பழைய ஆண்டு அச்சை வீணாக்காமல் புது எண் போட்டவை. அங்கே அடியில் தெரிவது நேராக நிற்கும் எண்.

1799, 1804 மலிவாக வருகிறது. வாங்கலாமா?

மலிவு என்பதே முதல் எச்சரிக்கை. 1798ன் கடைசி 8ஐச் செதுக்கி 9 ஆக்குவது பழைய தந்திரம். 1799ல் இரண்டே வகை, எஸ்-188 (9க்கு அடியில் 8), எஸ்-189. ஆண்டைக் கையால் மூடிக்கொண்டு மற்றதைப் பாருங்கள்: எழுத்தும் இலையும் அந்த இரண்டில் ஒன்றோடு பொருந்தாவிட்டால் ஆண்டும் பொய்.

1804க்குச் சோதனை இன்னும் எளிது. ஆண்டில் உள்ள சுழியத்துக்கு நேர் பின்னால், பூப்பக்கத்தில் ‘ஆஃப்’ என்ற சொல்லின் ஓ இருக்க வேண்டும். 4 குறுக்குக்கோட்டின் நுனியில் சிறு நெட்டைக்கோடு உள்ள 4. எல்லா அசலிலும் இப்படித்தான். 1804 ‘மறுஅடி’ என்று ஒன்று விற்கும். அது 1860 வாக்கில், நாணயச்சாலை தூக்கிப்போட்ட 1803 தலைப்பக்க அச்சில் 4 செதுக்கி, 1820 பூப்பக்க அச்சோடு சேர்த்துத் தனியார் அடித்தது. 1820 மாலை 1804 மாலை போலவே இருக்காது.

புதுப் போலிகள் அசல் காசு ஒன்றிலிருந்து அச்சு எடுத்து அடிக்கப்படுபவை. மூலக் காசில் இருந்த பள்ளமும் கூடவே வரும். விற்பனையில் உள்ள இரண்டு காசுகளில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையும் விடுங்கள்.

ஆர்-5 என்று எழுதியிருக்கிறது. ரொம்ப அபூர்வமா?

எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது என்ற மதிப்பீடு அது. ஆர்-1 என்றால் 1250க்கு மேல், ஆர்-4 76 முதல் 200, ஆர்-5 31 முதல் 75, ஆர்-6 13 முதல் 30, ஆர்-7 4 முதல் 12, ஆர்-8 மூன்றோ அதற்குக் குறைவோ. பத்து பேர்கூடத் தேடாத ஆர்-5 வகையைவிட, எல்லோரும் தேடும் ஆர்-3 விலை அதிகம் போகலாம். கண்ணுக்குத் தெரியும் பிழைக்குத்தான் பொதுச் சந்தையில் ஆள் உண்டு.

எந்த எண்ணோடும் பொருந்தவில்லை. புது வகையைக் கண்டுபிடித்துவிட்டேனா?

பெரும்பாலும் ஆண்டைத் தவறாகப் படித்திருப்பீர்கள். தேய்ந்த 1800ம் 1803ம், 1796ம் 1798ம் மாறிப்போவது வழக்கம். பக்கத்து ஆண்டுகளின் படங்களோடும் ஒப்பிடுங்கள். அடுத்து ஒரு பக்கத்தை மட்டும் உறுதியாக அடையாளம் காணுங்கள். பூப்பக்கம் எந்த அச்சு என்று தெரிந்தால், அந்த அச்சு எந்தெந்தத் தலைப்பக்கங்களோடு ஓடியது என்ற பட்டியல் இரண்டு மூன்றாகச் சுருங்கும்.

அதற்குப் பிறகும் இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்து, இரண்டும் தனித்தனியே அறிந்த அச்சுகளாக இருந்து, அந்த ஜோடி மட்டும் பட்டியலில் இல்லை என்றால், எடையும் ஓரமும் சரியாக இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். இரண்டு காசை அறுத்து ஒட்டினாலும் புது ஜோடி கிடைக்கும். ஒட்டின கோடு ஓரத்தில் முழுச் சுற்றும் மயிரிழையாக ஓடும், மேசையில் போட்டால் காசு மந்தமாக ஒலிக்கும். ஓரம் சுத்தமாக இருந்தால் நேராக எடுத்த இரண்டு படம், எடை, விட்டம் இவற்றோடு செம்புக் காசு நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை உறைமேல் எண் எழுத வேண்டாம்.